கொழிஞ்சாம்பாறைக்கு எத்தனை எழுத்து? கூட்டெழுத்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், பொள்ளாச்சி போகிற சாலையில் இருக்கிறது கொழிஞ்சாம்பாறை. வீட்டில் தமிழ், கடைவீதியில் இரண்டும், பஸ் போர்டில் மலையாளம். இங்கே நான் ஒரு சின்ன அச்சுக்கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கோயில் நோட்டீஸ், இரங்கல் அட்டை எல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் அடித்துக் கொடுப்போம். புரூஃப் பார்க்க வருகிறவர்கள் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே ஏதாவது கேட்பார்கள். கூட வரும் பிள்ளைகள் இன்னும் நிறையக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கூட்டெழுத்து என்றால் என்ன? "கி", "கு" எல்லாம் கூட்டெழுத்தா?

இரண்டு மெய்கள் நடுவில் உயிர் இல்லாமல் அடுத்தடுத்து வரும்போது, தனித்தனியாக எழுதாமல் ஒரே உருவமாகச் சேர்த்து எழுதினால் அது கூட்டெழுத்து. மலையாளத்தில் கூட்டக்ஷரம் என்பார்கள். "கி", "கு" போன்றவை மெய்யும் உயிரும் சேர்ந்தவை. அவற்றை உயிர்மெய் என்று தனியாகப் பிரித்துச் சொல்கிறோம். ஆனால் கண்ணுக்கு அவையும் ஒட்டெழுத்துதான். "டி"யைப் பாருங்கள். டகரம் எங்கே முடிகிறது, மேல்விலங்கு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. அதனால் இந்தப் பக்கத்தில் இரண்டைப் பற்றியும் பேசுகிறேன்.

எங்கள் ஊர்ப் பெயரைத் தமிழில் எண்ணினால் ஏழு, மலையாளத்தில் ஐந்து. ஏன் இப்படி?

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் பஸ் போர்டையும் கடைப் பலகையையும் பார்த்து எண்ணிவிட்டு வந்து கேட்ட கேள்வி இது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

தமிழில் கொ, ழி, ஞ், சா, ம், பா, றை என்று ஏழு. மலையாளத்தில் கொ, ழி, அப்புறம் ஞகரமும் ஞகரமும் ஒட்டிய ஒரே எழுத்து, மகரமும் பகரமும் ஒட்டிய ஒரே எழுத்து, கடைசியில் ற. மொத்தம் ஐந்து. தமிழில் ஞ்-சா என்று இரண்டு கட்டம் எடுப்பது அங்கே ஞ்ஞா என்று ஒரே கட்டத்தில் அடங்கிவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது எழுத்தை மட்டுமல்ல, ஒலியையும். தமிழில் ஞ்ச, மலையாளத்தில் ஞ்ஞ. நம் மஞ்சள் அங்கே மஞ்ஞள். நம் தேங்காய் அங்கே தேங்ங, மாங்காய் அங்கே மாங்ங. மூக்கொலிக்குப் பின்னால் வரும் வல்லொலி மூக்கொலியிலேயே கரைந்து ஒன்றாகிவிட்டது. கையில் எழுத்து சேர்வதற்கு முன்பே வாயில் ஒலி சேர்ந்துவிட்டது. பிறகு கை அதற்கு ஓர் உருவம் கொடுத்தது. அதனால் ஏழும் சரி, ஐந்தும் சரி. ஒரே ஊரை இரண்டு வாய்கள் சொல்கின்றன.

தமிழில் மட்டும் ஏன் எழுத்துக்குக் கீழே எழுத்து கிடையாது?

புள்ளி இருப்பதால். "மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்" என்கிறது தொல்காப்பியம். புள்ளி வைத்தால் அந்த எழுத்தில் உயிர் இல்லை என்று பொருள். அதைச் சொல்ல ஒரு குறி கிடைத்துவிட்டதால், உயிர் இல்லாத எழுத்தை அடுத்த எழுத்தின் தோளிலோ காலடியிலோ ஏற்றிக் காட்ட வேண்டிய தேவை இல்லாமல் போனது. "அக்கா" என்றால் அ, க், கா. மூன்றும் தனித்தனியாகத் தன் தன் இடத்தில் நிற்கும்.

மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்தி எழுதும் நாகரி எல்லாம் மற்ற வழியில் போயின. மெய்யும் மெய்யும் சேர்ந்தால் உருவமும் சேரும். ஆந்திரப் பக்கம் சொந்தம் இருக்கிறவர்களுக்குத் தெரியும், தெலுங்கில் இரண்டாவது மெய் முதல் எழுத்தின் கீழே "ஒத்து" ஆகச் சிறியதாய்த் தொங்கும். மலையாளத்திலும் புள்ளி மாதிரி ஒன்று உண்டு. எழுத்தின் தலைமேல் பிறை போல வைக்கும் அந்தக் குறிக்குச் சந்திரக்கல என்று பெயர். ஆனால் கூட்டெழுத்துக்கு உருவம் இல்லாத இடத்திலும் சொல்லின் முடிவிலும்தான் அதற்கு அதிகம் வேலை.

சொல்லின் முடிவு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. "பாலக்காடு" என்று தமிழில் எழுதினாலும் கடைசி "டு"வை நாம் முழுதாகச் சொல்வதில்லை. அது குற்றியலுகரம். மலையாளத்தில் அந்த இடத்தில் டகரத்தின் மேல் பிறை வைத்து அரை உகரத்தைக் கண்ணுக்குக் காட்டிவிடுகிறார்கள். குற்றியலுகரத்துக்கும் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் சொல்கிறது. நாம் எழுத்தில் விட்டுவிட்ட வழக்கம் சாலையின் மறுபக்கத்துப் பலகையில் பிறையாக இருக்கிறது.

மலையாளக் கூட்டெழுத்துகளைத் தமிழ்ப் பிள்ளைகள் எப்படிப் பழகுவது?

மனப்பாடம் செய்ய வேண்டாம். நமக்குத் தெரிந்த ஜோடிகளிலிருந்து தொடங்கினால் போதும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்று ஆறு ஜோடிகள் தமிழில் எந்நேரமும் வருகின்றன. மலையாளத்தில் ஆறுக்கும் ஆறு ஒட்டுருவங்கள் இருக்கின்றன. அதன் பிறகு இரட்டிப்புகள்: க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப. இவை வந்துவிட்டால் பஸ் போர்டில் பாதி படித்துவிடலாம்.

இரட்டிப்பில் பிள்ளைகளுக்குப் பிடித்த ஒன்று உண்டு. ச்ச, ப்ப (மென்மையாக ஒலிக்கும் பகரம்), ய்ய, வ்வ ஆகிய நான்கிலும் இரண்டாவது எழுத்தை முழுதாக எழுதாமல், கீழே குட்டியாக ஒரு முக்கோணம் ஒட்டுவார்கள். "ரெண்டாவது ஆள் உக்காந்துட்டான்" என்று ஒரு சிறுமி சொன்னாள். அதற்கப்புறம் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

தமிழ் தெரிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு சாவியும் இருக்கிறது. மலையாளத்தில் நகரமும் னகரமும் ஒரே எழுத்து. அது இரட்டித்தால் எப்படி ஒலிப்பது என்று எழுத்தைப் பார்த்துத் தெரியாது. வந்நு என்பதில் பல்லில் நாக்கு படும். பன்னி என்பதில் பல்லுக்கு மேலே படும். மலையாளப் பிள்ளைகள் கேட்டுப் பழகுகிறார்கள். நாமோ தமிழ்ச் சொல்லை நினைத்தால் போதும். தமிழில் ந்த வந்தால் அங்கே பல் ஒலி: வந்து, வந்நு. தமிழில் ன்ற வந்தால் மேல் ஒலி: பன்றி, பன்னி, குன்று, குன்னு, சென்று, சென்னு. ஒரே கூட்டெழுத்துக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு ஒலிகளைத் தமிழ் எழுத்து தனித்தனியாகக் காட்டிக்கொடுக்கிறது. மலையாள டீச்சர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது உடனே நோட்டில் குறித்துக்கொண்டார்.

நம் தாலூகா பெயர் சித்தூரா, சிற்றூரா?

பேச்சில் சித்தூர். தமிழில் எழுதும்போதும் பலர் அப்படியே எழுதுகிறார்கள். ஆனால் மலையாளப் பலகையில் இருப்பது தகர இரட்டிப்பு அல்ல, றகரமும் றகரமும் ஒட்டிய எழுத்து. அந்த எழுத்தை அவர்கள் ஆங்கில டகரம் போலப் பல்லுக்கு மேலே அழுத்திச் சொல்வார்கள். நம் காற்று அங்கே "காட்டு" போலக் கேட்பது அதனால்தான். காட்டைச் சொல்லவில்லை, ற்றகரத்தைச் சொல்கிறார்கள். ஆக அந்தக் கூட்டெழுத்தை அவிழ்த்தால் சிற்றூர். சிறு, ஊர் இரண்டும் அப்படியே தெரியும்.

தமிழ்நாட்டின் இன்னொரு எல்லையில், ஆந்திரப் பக்கம், இன்னொரு சித்தூர் இருக்கிறது. அங்கே தெலுங்கில் தகரத்தின் கீழே தகர ஒத்துதான். இரண்டு எல்லைகளிலும் ஒரே மாதிரிக் கேட்கும் ஊர்கள். ஆனால் ஒட்டியிருக்கும் எழுத்து வேறு.

நம் சிற்றூரின் தெக்கேகிராமத்தில் ஆற்றங்கரையில் குருமடம் இருக்கிறது. துஞ்சத்து எழுத்தச்சன் தம் கடைசிக் காலத்தை அங்கே கழித்ததாக வழிவழியாகச் சொல்கிறார்கள். மலையாள எழுத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் அவருடையது. விஜயதசமியன்று பிள்ளைகளுக்கு அங்கே முதல் எழுத்து எழுதிக் கொடுக்கிறார்கள். அரிசியில் விரல் பிடித்து எழுதும் அந்த நேரத்தில் எல்லாப் பிள்ளைகளின் முகமும் ஒரே மாதிரி இருக்கும், தமிழ் வீட்டுப் பிள்ளையானாலும் மலையாள வீட்டுப் பிள்ளையானாலும்.

தமிழில் கூட்டெழுத்தே இல்லை என்றீர்கள். அப்படியானால் க்ஷ, ஸ்ரீ?

இவை கிரந்தத்திலிருந்து வந்தவை. வடமொழி எழுதத் தமிழ்நாட்டில் புழங்கிய எழுத்து கிரந்தம். மலையாள எழுத்து பெரும்பாலும் அதிலிருந்து வளர்ந்ததுதான். ஆகவே க்ஷவும் ஸ்ரீயும் மலையாளக் கூட்டெழுத்துகளுக்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள்.

பிள்ளைகளிடம் காட்ட நல்ல விளையாட்டு ஒன்று. கணினியில் ஸ்ரீ என்று அடியுங்கள். ஒரே உருவம் தெரியும். இப்போது அழிக்கும் பொத்தானை ஒரு தரம் தட்டுங்கள். முழுதும் போகாது, ஸ்ர என்று நிற்கும். இன்னொரு தட்டு, ஸ் ஆகும். இன்னொன்று, ஸ. நான்காவது தட்டில்தான் வெறும் திரை. ஸ, புள்ளி, ர, மேல்விலங்குச் சுழி என்று நான்கு குறியீடுகள் உள்ளே இருக்கின்றன. வெங்காயம் உரிக்கிற மாதிரி உரிக்கலாம்.

ஸகரத்துக்குப் பதில் ஶ என்ற எழுத்தை வைத்தும் இதே உருவத்தை வரவழைக்கலாம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் கொடுக்கும் பொதுப் பட்டியலான யூனிகோடில் அந்த எழுத்து 2005இல் சேர்ந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும், கணினிக்கு வேறு வேறு. "ஸ்ரீ" என்று தேடினால் கோப்பில் பாதிப் பெயர்கள் கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணம்.

க்ஷவுக்கும் ஒரு கதை இருக்கிறது. ஆட்டோ ஸ்டாண்டில் எழுதியிருக்கும் "ரிக்ஷா" வடமொழி அல்ல, ஜப்பானியச் சொல். ஜின்ரிகிஷா என்பது முழுப் பெயர். மனிதன், விசை, வண்டி என்று பொருள். மூலத்தில் கி என்றும் ஷா என்றும் இரண்டு தனி அசைகள். ஊர் ஊராகப் பயணம் செய்ததில் நடுவிலிருந்த இகரம் விழுந்துவிட்டது. ககரமும் ஷகரமும் நெருங்கி நின்றதும், அதற்கென்றே காத்திருந்தது போல நம்மிடம் ஒரு க்ஷ இருந்தது. ஜப்பானிய வண்டி கிரந்த எழுத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

குறுக்கெழுத்துப் போட்டியில் க்ஷவுக்கு ஒரு கட்டமா, இரண்டா? நான் ஒன்று என்றே கொள்வேன். ஒரே உருவமாக எழுதினால் ஒரே கட்டம்.

பழைய பத்திரிகையில் ஆண்டு, மாதம், தேதிக்குப் பக்கத்தில் ஏதோ சுழித்து வைத்திருக்கிறார்களே, அது என்ன?

௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். தாத்தா பாட்டி கல்யாணப் பத்திரிகையைக் கொண்டு வந்து "இதே மாதிரி வேண்டும்" என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகம். எனக்கு அது பெரிய சந்தோஷம். ஆண்டுப் பெயரை எழுதி அதன் வாலிலேயே ௵ போடுவார்கள். மாதப் பெயரின் பின்னால் ௴, தேதி எண்ணின் பின்னால் ௳.

இவை வேகமாக எழுதுகிற கையில் பிறந்தவை. ௵ என்பதை உற்றுப் பார்த்தால் உள்ளே "வரு" தெரியும். கணக்குப்பிள்ளை நாளுக்கு நூறு முறை வருடம் என்று எழுத வேண்டியிருந்தால், முதல் இரண்டு எழுத்தை எழுதி ஒரு வீச்சாக இழுத்து விட்டுவிடுவார். அந்த வீச்சே எழுத்தாகிவிட்டது. பற்று ௶, வரவு ௷, ரூபாய் ௹ எல்லாம் அதே பேரேட்டிலிருந்து வந்தவை.

கூட்டத்தில் எனக்குச் செல்லம் ௸. மேற்படி என்பதன் சுருக்கம். பழைய நிலப் பத்திரங்களை நகல் எடுக்கக் கொண்டு வருவார்கள். கிணறு, தென்னை, வரப்பு என்று நான்கு எல்லையும் எழுதியிருக்கும். ஆளின் பெயரை ஒரே முறை எழுதிவிட்டு அதற்குப் பிறகு பக்கம் முழுக்க "௸யார்", "௸யார்" என்றே போகும். ஒருமுறை ஒரு பாட்டி தன் அப்பாவின் பத்திரத்தைக் காட்டி, "எங்கப்பன் பேரு ஒரு எடத்துலதான் இருக்குதா கண்ணு?" என்று கேட்டார். ஒவ்வொரு ௸யையும் விரலால் தொட்டு "இதும் உங்கப்பாதான், இதும் உங்கப்பாதான்" என்று காட்டினேன். அந்தப் பக்கத்தில் பதினொரு இடம். பாட்டி ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார்.

இந்தக் குறிகள் எல்லாம் யூனிகோடில் இருக்கின்றன. 2019இல் பழைய பின்ன எண்களும் அளவைக் குறிகளும்கூடச் சேர்ந்தன. பதினாறில் ஒன்றான மாகாணி, முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரி வரைக்கும் கணினியில் எழுத வழி வந்தாயிற்று.

கு, சு, து மூன்றும் உகரம்தான். ஏன் ஒரே மாதிரி இல்லை?

மூன்று குடும்பங்கள் என்று வைத்துக்கொண்டால் சுலபம். ங, ச, ப, ய, வ ஐந்துக்கும் ஒரு கீற்று நேரே கீழே இறங்கும்: சு, பு, வு. ஞ, ண, த, ந, ல, ற, ன ஏழுக்கும் கீழே இறங்கி மடங்கி வலப்பக்கம் மேலே ஏறும்: து, நு, லு. க, ட, ம, ர, ழ, ள ஆறுக்கும் வளைந்து சுற்றும்: டு, மு, ரு. ஐந்து, ஏழு, ஆறு, கூட்டினால் பதினெட்டு. ஒன்றும் விடுபடவில்லை. ஊகாரத்தில் கூ மட்டும் தன் குடும்பத்தை விட்டுத் தனிப்பாதை போகும். அதைத் தனியாகப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த இடத்தில் இரண்டு மொழிகளின் சீர்திருத்தங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மலையாளத்தில் 1971இல் லிபியை மாற்றினார்கள். அதுவரை உகர, ஊகாரக் குறிகள் அங்கும் எழுத்தின் உடலோடு பல விதமாக ஒட்டியிருந்தன. தட்டச்சுக்கும் அச்சுக்கும் எளிதாக இருக்க, அவற்றைக் கழற்றி எல்லா எழுத்துக்கும் பொதுவாக வலப்பக்கம் தனியாக நிறுத்தினார்கள். பல கூட்டெழுத்துகளையும் பிறை வைத்துப் பிரித்தார்கள். தமிழில் 1978இல் மாற்றம் வந்தது. பெரியார் 1935 முதல் தம் இதழில் புழங்கிய வடிவங்களைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள், ணை, லை, ளை, னை என்று பதின்மூன்று எழுத்துகள் சுழியும் தும்பிக்கையும் போய் இன்றைய உருவத்துக்கு வந்தன.

ஏழு ஆண்டு இடைவெளி. மலையாளம் உகரத்தைப் பிரித்தது, தமிழ் உகரத்தைத் தொடவில்லை. தமிழ் பிரித்தது ஆகாரத்தையும் ஐகாரத்தையும், அதுவும் சில எழுத்துகளில் மட்டும். இரண்டு கரைக்கும் நடுவில் இருக்கிற எங்கள் கடையில் இரண்டும் தினமும் அச்சாகிறது. எனக்கு இரண்டு பழைய வடிவங்களும் பிடிக்கும். தும்பிக்கை வைத்த பழைய "லை"யைப் பார்த்தால் இன்றைக்கும் ஒரு கணம் நின்று பார்ப்பேன். ஆனால் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது புதியதுதான் நல்லது, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மலையாளத்தில் பழைய லிபி திரும்ப வந்துகொண்டிருக்கிறது. கணினிக்குத் தட்டச்சுப்பொறியின் நெருக்கடி கிடையாது. 1999இல் தொடங்கிய ரசனா இயக்கம் பழைய ஒட்டுருவங்கள் முழுதும் அடங்கிய எழுத்துருவைச் செய்தது. "பழைய லிபியில் வேண்டும்" என்று கேட்டு வருகிற மலையாள வீட்டாருக்கு அப்படியே அடித்துக் கொடுக்கிறோம்.

கௌரி என்று அடித்தேன், தேடினால் கிடைக்கவில்லை. ஏன்?

கௌ என்பதில் வலப்பக்கம் இருப்பது ளகரம் இல்லை. ளகரம் போலத் தோன்றும் ஔகாரக் குறி. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. அதனால் நிறையப் பேர் கெ அடித்து, பக்கத்தில் ள அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்குக் கௌரி, கணினிக்குக் கெ-ள-ரி.

எனக்கு இது கையைச் சுட்ட கதை. வாட்ஸ்அப்பில் வந்த பெயரை அப்படியே ஒட்டிப் பத்திரிகை வடிவமைத்தேன். மணப்பெண் பெயர் பெரிதாக, தங்க நிறத்தில், எழுத்துக்கு எழுத்து கொஞ்சம் இடைவெளி விட்டு. இடைவெளி விட்டதும் ள தனியாக நகர்ந்துவிட்டது. சரியான ஔகாரக் குறியாக இருந்திருந்தால் எழுத்தை விட்டு நகராது. திரையில் நான் கவனிக்கவில்லை. முந்நூறு பத்திரிகை அச்சாகி, மடித்து, மஞ்சள் தடவக் கொண்டுபோன பிறகுதான் பெண்ணின் அத்தை, "இதென்ன கெ... ளரி?" என்று கேட்டிருக்கிறார். திரும்ப அடித்துக் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்குத் தன் பெயரைப் பார்த்ததும் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து கௌ, மௌ, சௌ எது வந்தாலும் அழிக்கும் பொத்தானை ஒருமுறை தட்டிப் பார்ப்பேன். கெ என்று நிற்காமல் வெறும் க என்று நின்றால் சரி.

ஔவையாரையும் இதே மாதிரி ஒ, ள என்று அடிக்கிறார்கள். ஔ தனி எழுத்து, ஒரே தட்டில் வரும்.

சில நேரம் எழுத்துக்கு முன்னால் புள்ளி வட்டம் ஒன்று வருகிறதே?

கொம்போ காலோ ஒட்டிக்கொள்ள எழுத்து கிடைக்காமல் நிற்கிறது என்று அர்த்தம். அந்த வட்டம் வர வேண்டிய எழுத்துக்குப் போட்டு வைத்திருக்கும் நாற்காலி. எழுத்தை முதலில் அடித்து, குறியைப் பிறகு அடியுங்கள். கெ எழுதும்போது கையால் கொம்பை முதலில் போட்டாலும் கணினிக்குக் ககரம்தான் முதலில்.

விகடகவி திருப்பிப் படித்தாலும் விகடகவி. மலையாளத்திலும் இப்படி உண்டா?

வி, க, ட, க, வி. எழுத்து எழுத்தாகத் திருப்பினால் சரியாக வரும். குடகு, திகதி, "தேரு வருதே" எல்லாம் இந்த வகை. திருஞானசம்பந்தர் மாலைமாற்றுப் பதிகமே பாடியிருக்கிறார். இதெல்லாம் நடப்பது உயிர்மெய்யை ஒரே எழுத்தாக எண்ணுவதால். கணினியிடம் குறியீடு குறியீடாகத் திருப்பச் சொன்னால் வி உடைந்துபோகும். தலையில் ஒட்ட ஆளில்லாத மேல்விலங்கும், அதன் பின்னால் "வகடகிவ" என்ற சொல்லும் கிடைக்கும்.

மலையாளம் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்பது எழுத்து. திருப்பிப் படித்தாலும் அதேதான். தமிழிலோ மலையாளத்திலோ எழுதினால் அப்படி வராது, ளகரமும் லகரமும் இடம் மாறிவிடும். தன் பெயரில் இருக்கிற இந்த விளையாட்டை அந்த மொழி வேற்றெழுத்தில்தான் பார்க்க முடியும்.

மணமக்கள் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஒரே உருவமாகப் போட முடியுமா?

முடியும். ஆனால் எல்லா ஜோடியும் படியாது. ட என்பது ஒரு சுவரும் தரையும். இன்னொரு சுவர் எழுப்பினால் ப. பகரத்தின் வலச்சுவரையே மகரத்தின் இடச்சுவராக வைத்துக்கொள்ளலாம். அப்போது ப, ம இரண்டும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும். ப, ம, ட, ய வந்தால் எனக்குக் கொண்டாட்டம். ஜ, ஹ போன்றவை வந்தால் கட்டாயப்படுத்தி ஒட்டாமல் அருகருகே நிறுத்துவேன். படிக்க முடியாத அழகு பத்திரிகைக்கு வேண்டாம்.

சீனர்கள் இதில் கெட்டிக்காரர்கள். மகிழ்ச்சி என்ற எழுத்தை இரண்டு முறை பக்கம் பக்கமாக ஒட்டி ஒரே எழுத்தாக்கிக் கல்யாண வீட்டில் சிவப்புக் காகிதத்தில் மாட்டுகிறார்கள். இரட்டை மகிழ்ச்சி.

வேறு மொழிகளில்?

அரபியில் எழுத்துகள் கை கோத்துக்கொண்டேதான் போகும். லாமும் அலிஃபும் சந்தித்தால் கட்டாயம் ஒரே முடிச்சாகிவிடும். எங்கள் பகுதி ராவுத்தர் வீட்டுப் பத்திரிகையின் தலையில் போடும் பிஸ்மில்லா முழுவதும் யூனிகோடில் ஒரே எழுத்தாகவும் இருக்கிறது. கொரிய எழுத்தில் அசை முழுதும் ஒரு சதுரத்துக்குள் அடங்கும். அப்படி 11,172 சதுரங்களுக்கு யூனிகோடில் இடம். ஜவுளிக்கடைப் பெயர்களில் "அண்ட் சன்ஸ்" என்பதற்குப் போடும் & குறி, லத்தீனில் "உம்" என்று பொருள்படும் எட் என்ற சொல்லின் இரண்டு எழுத்துகள் பின்னிக்கொண்டது.

2018 பிப்ரவரியில் தெலுங்கின் ஜ்ஞா என்ற கூட்டெழுத்தைச் செய்தியில் பெற்ற சில கைப்பேசிகளில் செயலிகள் முடங்கிப்போயின. ஞானம் என்ற சொல்லின் முதல் எழுத்து அது. ஒரு சில நாட்களில் சரிசெய்துவிட்டார்கள். நம் பக்கத்து எழுத்துகள் எவ்வளவு நுட்பமானவை என்று உலகம் முழுக்கப் பேச வைத்தது அந்த ஒற்றை எழுத்து.

வீட்டில் பிள்ளைகளோடு விளையாட ஒன்று சொல்லுங்கள்.

காகிதத் துண்டுகளில் நம் பக்கத்து ஊர்ப் பெயர்களை ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் மலையாளத்திலும் எழுதுங்கள். பாலக்காடு இங்கே ஐந்து, அங்கே நான்கு. கொல்லங்கோடு ஆறு, நான்கு. வண்டித்தாவளம் எட்டு, ஐந்து. கடைசி மகர ஒற்று அங்கே குட்டி வட்டமாக ளகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பெயர்களையும் எடுக்கலாம். கிருஷ்ணன் தமிழில் ஐந்து, மலையாளத்தில் மூன்று, ஆங்கிலத்தில் எட்டு. சீட்டை எடுத்தவர் இரண்டு எண்ணையும் சொல்லி, குறைந்த எழுத்துகள் எங்கே போய் ஒட்டின என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். காட்டினால்தான் புள்ளி.

போன மே விடுமுறையில் எங்கள் கடைத் திண்ணையில் ஆறேழு பிள்ளைகள் இதை விளையாடினார்கள். கொழிஞ்சாம்பாறைச் சீட்டை எடுத்தவள் ஆறு வயதுப் பெண். ஏழு, ஐந்து என்று சரியாகச் சொல்லிவிட்டு, ஞ்ஞா மேல் விரலை வைத்து, "அக்கா, இதுல ஒரு சா இருந்துச்சு, முழுங்கிட்டாங்க" என்றாள்.